ஏழரையைத் தள்ளிவைத்த பள்ளி

சிங்கப்பூரில் காலை 6 மணி என்றால் கும்மிருட்டு. டிசம்பரானாலும் சரி, மே மாதமானாலும் சரி, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் பொழுது விடியும். அதற்கு வெகு முன்பே அடுக்குமாடி புளோக்குகளின் கீழே சீருடைப் பிள்ளைகள் வந்து நின்றுவிடுவார்கள். பள்ளிப் பேருந்து வரும். ஏறி உட்கார்ந்த மாத்திரத்தில் பல தலைகள் ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்துவிடும். வீட்டில் பாதியில் விட்ட தூக்கத்தின் மீதி அங்கே நடக்கும். பல பள்ளிகளில் ஏழரைக்கெல்லாம் திடலில் வரிசை கட்டி நிற்க வேண்டும். கொடியேற்றம், தேசிய கீதம், உறுதிமொழி, அப்புறம் முதல் பாடம்.

நம் பக்கம் 'ஏழரை' என்ற சொல்லுக்கே ஒரு கெட்ட பெயர் உண்டு. சனி பிடித்தாலும் ஏழரை ஆண்டில் விட்டுவிடும். சிங்கப்பூர்ப் பிள்ளைகளைப் பிடித்த ஏழரை, தொடக்கப் பள்ளியில் ஆரம்பித்து உயர்நிலை முடிக்கிற வரை பத்து ஆண்டுகள் ஆட்டி வைக்கிறது.

இதில் கடிகாரத்தின் குறும்பும் சேர்ந்துகொண்டது. 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தியது. பக்கத்து மலேசியா நேரத்தை மாற்றியதால், வணிகத்துக்கும் போக்குவரத்துக்கும் இடைஞ்சல் வேண்டாம் என்று இவர்களும் மாற்றினார்கள். சூரியனை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் அந்த ஊர்க் கடிகாரம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முந்தி ஓடுகிறது. சென்னையில் இந்த வித்தியாசம் பத்து நிமிடம்கூட வராது. அதாவது, சிங்கப்பூரின் ஏழரை சூரியக் கணக்கில் சென்னையின் ஆறரை. ஆறரைக்குப் பிரேயர் என்று சென்னையில் ஒரு பள்ளி அறிவித்தால் வாசலில் எத்தனை பெற்றோர் திரள்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். (பிரேயருக்குப் பதிலாக ஸ்பெஷல் கிளாஸ் என்று அறிவித்தால் ஒருவரும் திரள மாட்டார்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.)

2016இல் புக்கிட் தீமா வட்டாரத்தில் இருக்கும் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒரு காரியம் செய்தது. ஏழரைக்கு அடித்துக்கொண்டிருந்த மணியை எட்டேகாலுக்குத் தள்ளியது. பார்ப்பதற்கு 45 நிமிடம்தான். ஆனால் 1917இல் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளி, மதிப்பெண்ணுக்கும் ஒழுங்குக்கும் பேர்போனது. சுமாரான பள்ளி ஒன்று இதைச் செய்திருந்தால் 'படிப்பு ஏறாத பிள்ளைகளுக்குச் சலுகை காட்டுகிறார்கள்' என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். முதல் வரிசைப் பள்ளி செய்ததால் ஊரே திரும்பிப் பார்த்தது.

மணியை மட்டும் தள்ளிவிட்டு மற்றதை அப்படியே விட முடியாது. பாடவேளைகளைக் கலைத்துப் போட்டு மறுபடி அடுக்க வேண்டும். பேருந்துக்காரர்களிடம் பேச வேண்டும். வேலைக்குப் போகும் வழியில் பிள்ளையை இறக்கிவிடும் பெற்றோரைச் சமாதானப்படுத்த வேண்டும். பள்ளி அந்த வேலைகளை எல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தது. அதோடு நிற்காமல், டியூக்-என்.யு.எஸ். மருத்துவப் பள்ளியின் உறக்க ஆய்வாளர்களை உள்ளே விட்டு, 'இதனால் உண்மையில் ஏதாவது நடக்கிறதா?' என்று அளந்து பார்க்கவும் இடம் கொடுத்தது. நல்லெண்ணத்தில் செய்யப்படும் சீர்திருத்தங்கள் நம் ஊரில் ஏராளம். செய்தபின் அளந்து பார்ப்பது எந்த ஊரிலும் அபூர்வம்.

ஜூன் லோ, மைக்கேல் சீ, ஜோஷுவா கூலி ஆகியோர் இருந்த அந்தக் குழு, சராசரியாகப் பதினாலரை வயதுள்ள 375 மாணவிகளைப் பின்தொடர்ந்தது. மாற்றத்துக்கு முன் ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை, ஒன்பது மாதம் கழித்து ஒரு முறை என்று கணக்கெடுத்தார்கள்.

பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே பயம் இருந்தது. 'பள்ளி தாமதமாகத் தொடங்கினால் பிள்ளைகள் அந்த அளவுக்கு லேட்டாகப் படுப்பார்கள், அவ்வளவுதான்.' கணக்கு அப்படி வரவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, படுக்கப் போகும் நேரம் 9 நிமிடம் தள்ளிப்போயிருந்தது. எழும் நேரமோ 32 நிமிடம் தள்ளிப்போயிருந்தது. படுக்கையில் இருக்கும் நேரத்தில் 23 நிமிடம் மிச்சம். ஒன்பது மாதம் ஆன பிறகும் அந்த மிச்சம் கரைந்துவிடவில்லை. அளவியில் பதிவான அசல் தூக்கம் பழையதைவிட 10 நிமிடம் கூடியிருந்தது. பகலில் கண் சொருகுவது குறைந்ததாகவும் மனநிலை தேறியதாகவும் மாணவிகள் சொன்னார்கள்.

பத்து நிமிடம்! இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றலாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் என்பது பள்ளி நாட்களை மட்டும் எடுத்தாலும் வாரத்துக்கு 50 நிமிடம். எந்த மருந்தும் இல்லாமல், எந்தப் பிள்ளையையும் திட்டாமல், மணி அடிக்கும் நேரத்தை மாற்றியதாலேயே கிடைத்தது. ஆனாலும் ஆய்வாளர்கள் இதைப் பெரிய வெற்றி என்று தம்பட்டம் அடிக்கவில்லை. மணியை மாற்றுவது பாதி வேலை. மீதிப் பாதி இரவில், வீட்டில் இருக்கிறது.

* * *

'அந்தக் காலத்தில் நாங்கள் எல்லாம் நாலு மணிக்கு எழுந்து படித்தோம்' என்று சொல்லாத தாத்தா உண்டா? அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கதையில் ஒரு பாதியை விட்டுவிடுகிறார். அவர் வீட்டில் விளக்கு அணைந்தது இரவு எட்டரைக்கு. எட்டரைக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தால் ஏழரை மணி நேரத் தூக்கம். அதே நாலு மணிக்கு எழும் இன்றைய பேரன் படுப்பது பதினொன்றரைக்கு. நாலரை மணி நேரத்தோடு அவனை உட்கார்த்தி வைத்து, இயற்பியல் ஏறவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறோம்.

பதினைந்து வயதில் பிள்ளைகள் இரவில் கொட்டக் கொட்ட விழித்திருப்பதும், காலையில் எழுப்ப எழுப்ப எழாமல் கிடப்பதும் சோம்பல் என்றுதான் உலகம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நினைப்பை உடைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் மேரி கார்ஸ்கடன். 1976 கோடையில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவர் ஓர் உறக்க முகாம் தொடங்கினார். பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்து, பகலெல்லாம் விளையாட விட்டு, இரவில் தலையில் மின்முனைகளை ஒட்டிப் பத்து மணி நேரம் படுக்க விடுவது. அதே பிள்ளைகள் அடுத்தடுத்த கோடைகளிலும் வந்தார்கள். வளர வளரத் தூக்கம் குறையும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. பெரியவர்களுக்கு ஏழெட்டு மணி நேரம் போதும் என்றால், பிள்ளைகளும் படிப்படியாக அங்கேதானே இறங்கி வர வேண்டும்?

இறங்கவில்லை. வயது ஏறினாலும் எல்லோரும் ஏறக்குறைய ஒன்பதேகால் மணி நேரம் தூங்கினார்கள். சின்னப் பிள்ளைகள் தாமாக எழுந்துகொண்டார்கள். பெரிய பிள்ளைகளைத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. அத்தனை நேரம் தூங்கியும், பருவம் எய்தியவர்களுக்கு மறுநாள் பகலில் தூக்கக் கலக்கம் கூடியிருந்தது. இன்று அமெரிக்க உறக்க மருத்துவ அமைப்பு 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று சொல்கிறது. ஏழு மணி நேரம் தூங்குகிற பிளஸ் டூ பையனை நாம் கும்பகர்ணன் என்று கேலி செய்கிறோம். இந்தக் கணக்கில் அவன் பட்டினி கிடக்கிறான்.

இதன் உள்வேலை இப்படி. தூக்க வண்டிக்கு இரண்டு மாடுகள். ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் சேர்ந்துகொண்டே போகும் தூக்கச் சுமை. அடினோசின் என்ற பொருள் சேரச் சேரக் கண் கனக்கும். காபியில் உள்ள காஃபீன் அந்த அடினோசின் உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் சுமை இறங்காது. சுமை தெரியாது, அவ்வளவுதான். இரண்டாவது மாடு, மூளைக்குள் இருக்கும் உயிர்க் கடிகாரம். மாலையில் வெளிச்சம் மங்கியதும் மெலடோனின் என்ற சுரப்பைத் திறந்துவிட்டு, 'ராத்திரி ஆகிவிட்டது' என்று உடம்புக்குத் தண்டோரா போடுவது அது. பருவ வயதில் இரண்டு மாடுகளும் ஒன்றுபோல மெதுவாகிவிடுகின்றன. சுமை சேர்வது தாமதமாகிறது. மெலடோனின் தண்டோராவும் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னால் படுப்பான், தூங்க மாட்டான். கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான், அல்லது போர்வைக்குள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஜெர்மனியின் டில் ரோனபெர்க் ஆயிரக்கணக்கானவர்களின் உறக்க நேரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்தத் தாமதம் பெண்களுக்குப் பத்தொன்பதரை வயதிலும் ஆண்களுக்கு 21 வயதிலும் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லத் திரும்புவது தெரிந்தது. இது வயதோடு வந்து வயதோடு போகிற ஒன்று, முகப்பரு மாதிரி. முகப்பருவுக்காகப் பிள்ளையை யாரும் திட்டுவதில்லை.

1998இல் கார்ஸ்கடன் குழு வெளியிட்ட இன்னோர் ஆய்வு இதைவிடத் தெளிவானது. ஒன்பதாம் வகுப்பில் 8.25க்குப் பள்ளிக்குப் போன பிள்ளைகள், பத்தாம் வகுப்பில் 7.20க்குப் போக வேண்டியிருந்தது. அவர்களைக் காலை எட்டரை மணிவாக்கில் இருட்டறையில் படுக்கவைத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய பாதிப் பேர் கண்ணை மூடிய சில நிமிடங்களில் கனவுத் தூக்கத்துக்குள் விழுந்தார்கள். சாதாரணமாகக் கனவுத் தூக்கம் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். உடனே வந்தால், கட்டுப்பாடில்லாமல் தூங்கி விழும் நார்கோலெப்சி என்ற நோயைத்தான் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பார்கள். பிள்ளைகளுக்கு நோய் எதுவும் இல்லை. எழுந்து, பல் துலக்கி, பள்ளிக்கு வந்துவிட்டார்கள். மூளை மட்டும் இன்னும் பாயிலேயே இருந்தது.

* * *

தூக்கம் குறைந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சிங்கப்பூரிலிருந்தே நல்ல சான்று கிடைக்கிறது. அதே டியூக்-என்.யு.எஸ். ஆய்வாளர்கள், 15 முதல் 19 வயது வரையுள்ள 56 பேரை இரண்டு வாரம் ஒரு விடுதியில் தங்கவைத்தார்கள். முதலில் எல்லோருக்கும் ஒன்பது மணி நேரப் படுக்கை. பிறகு ஏழு இரவுகள் பாதிப் பேருக்கு ஐந்து மணி நேரம் மட்டும். மற்றவர்களுக்கு வழக்கம்போல ஒன்பது. ஐந்து மணி நேரக் கும்பலின் கவனம் நாளுக்கு நாள் படியிறங்கியது. மனதில் வைத்துக் கணக்குப் போடும் திறன் குறைந்தது, சிடுசிடுப்பு கூடியது. இதுவரைக்கும் யாரும் ஊகிக்கக்கூடியதுதான். அதன்பின் அவர்களுக்குத் தொடர்ந்து ஒன்பது மணி நேரம் படுக்கக் கொடுத்தார்கள். இரண்டு இரவு அப்படித் தூங்கி எழுந்த பிறகும் அவர்கள் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை.

அந்த இரண்டு இரவுகள் எவை? நம் ஊர்க் கணக்கில் சனியும் ஞாயிறும். 'வாரம் பூரா படிக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை தூங்கிக்கொள்ளட்டும்' என்ற வீட்டுப் பொருளாதாரம் இந்த இடத்தில் உடைகிறது. கடன் அடைவதற்குள் திங்கள் வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு ஞாயிறு பதினொரு மணி வரை தூங்கியவனுக்கு அன்றிரவு ஒரு மணிவரை தூக்கம் வராது.

இன்னொரு சோதனை கொஞ்சம் வேடிக்கையானது. 84 பேருக்கு எறும்புகளையும் நண்டுகளையும் பற்றிப் பாடம் நடத்தினார்கள். எந்த இனம் எங்கே வாழும், எதைத் தின்னும், எப்படித் தற்காத்துக்கொள்ளும் என்று பரீட்சைக்குப் படிப்பது மாதிரியான விவரங்கள். நடுவில் ஒரு மணி நேரம் இடைவேளை. ஒரு கூட்டம் அந்த நேரத்தில் தூங்கியது. இன்னொன்று அதே பாடத்தை உருப்போட்டது. மூன்றாவது கூட்டம் படம் பார்த்தது. அரை மணி கழித்துத் தேர்வு வைத்தால் தூங்கியவர்களும் உருப்போட்டவர்களும் படம் பார்த்தவர்களை முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி தேர்வு வைத்தார்கள். உருப்போட்டதன் பலன் மங்கியிருந்தது. தூங்கியவர்களிடம்தான் அது தெளிவாக நிலைத்திருந்தது. உருப்போட்டவர்கள் பாவம், ஒரு மணி நேரம் கூடுதலாகவும் உழைத்திருந்தார்கள்.

படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில்தான். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முன்பாதியில் வரும்; கனவுத் தூக்கம் விடியலை ஒட்டித் திரளும். நாலு மணிக்கு அலாரம் வைக்கிறவர் வெட்டுவது இந்தக் கடைசிப் பகுதியை.

* * *

பள்ளி நேரத்தைத் தள்ளுவதில் முன்னோடி அமெரிக்கா. அங்கே பேருந்துகள்தான் வில்லன். ஒரே பேருந்து முதலில் பெரிய பிள்ளைகளை, அப்புறம் நடுத்தர வகுப்பினரை, கடைசியில் குட்டிகளை என்று சுற்றுச் சுற்றாக ஏற்றிப் போகும். அதனால் உயர்நிலைப் பள்ளிகள் ஏழேகால், ஏழரைக்கே தொடங்கின. 1996இல் மின்னசோட்டா மாநிலத்தின் எடைனா என்ற ஊர், மருத்துவர் சங்கத்தின் பேச்சைக் கேட்டு மணியை எட்டரைக்கு மாற்றியது. வயோமிங்கின் ஜாக்சன் ஹோலில் 7.35லிருந்து 8.55க்குத் தள்ளினார்கள்; 16 முதல் 18 வயது ஓட்டுநர்களின் சாலை விபத்துகள் 70 சதவீதம் குறைந்தன. பதினாறு வயதில் பிள்ளைகள் தாமே காரோட்டிப் பள்ளிக்குப் போகிற நாடு அது.

சியாட்டில் நகரம் 2016இல் 7.50ஐ 8.45 ஆக்கியது. இரண்டு பள்ளிகளின் மாணவர்களுக்குக் கையில் கருவி கட்டி வாஷிங்டன் பல்கலைக்கழகம் அளந்தபோது, தூக்கம் இரவுக்கு 34 நிமிடம் கூடியிருந்தது. வசதி குறைந்த பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளியில் வருகையும் சரியான நேரத்துக்கு வருவதும் மேம்பட்டன. வசதியான வட்டாரப் பள்ளியில் அந்த மாற்றம் தெரியவில்லை. பேருந்தைத் தவறவிட்டால் காரில் கொண்டுவந்து விட ஆளிருக்கும் வீட்டுக்கு மணி எப்போது அடித்தால் என்ன?

கலிபோர்னியா இதைச் சட்டமாகவே ஆக்கியது. 2018இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். அடுத்த ஆண்டு கேவின் நியூசம் கையெழுத்திட்டார். 2022 ஜூலையிலிருந்து அங்கே உயர்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்கக்கூடாது; கிராமப்புறப் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. புளோரிடா 2023இல் இதேபோல ஒரு சட்டம் போட்டு, நடைமுறைக்கு வரும் முன்பே 2025இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பேருந்து, ஓட்டுநர், செலவு என்று மாவட்டங்கள் கைவிரித்தன. அறிவியல் தோற்கவில்லை, கால அட்டவணை ஜெயித்துவிட்டது.

இந்தியாவில் மகாராஷ்டிரம் ஓரடி எடுத்து வைத்தது. பிள்ளைகளுக்குத் தூக்கம் போதவில்லை என்று 2023 டிசம்பரில் அப்போதைய ஆளுநர் ரமேஷ் பைஸ் பொது மேடையில் பேச, நான்காம் வகுப்பு வரையுள்ள வகுப்புகள் காலை 9 மணிக்கு முன் தொடங்கக்கூடாது என்று 2024 பிப்ரவரியில் அரசு உத்தரவிட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் சேவல் கூவும் முன் எழுந்து வீட்டையே எழுப்பிவிடும் வயது அது. காலைத் தூக்கம் உயிரியல் தேவையாக இருப்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கும் அண்ணன் அக்காமாருக்கு. அவர்களை உத்தரவு தொடவில்லை.

* * *

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே மணி அடிக்கும் நேரத்தில் குற்றம் சொல்ல முடியாது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் ஒன்பது, ஒன்பதரை வாக்கில்தான் தொடங்குகின்றன. கலிபோர்னியா சட்டம் கேட்பதைவிடத் தாமதமாக. காகிதத்தில் நம் பிள்ளைகள் உலகின் பாக்கியசாலிகள்.

காகிதத்துக்கு வெளியே ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது. பத்தாவது, பிளஸ் டூ என்றால் காலை எட்டுக்கோ அதற்கு முன்போ ஒரு வகுப்பு, மாலை ஆறு, ஏழு வரை இன்னொன்று. அதற்கு முன்னும் பின்னும் டியூஷன். 'மேத்ஸ் சார் ஆறு மணி பேட்ச்தான் கொடுத்தாரு' என்பது பல வீடுகளில் பெருமையாகச் சொல்லப்படும் வாக்கியம். தனியார் பள்ளி வேன் முதல் ஸ்டாப்பில் ஆறே முக்காலுக்கு வந்து நின்றால், அந்தப் பிள்ளை வண்டியில் ஒன்றரை மணி நேரம் ஊர் சுற்றும். விடுதிப் பள்ளிகளின் கதை தனி. அதிகாலை விசில், இரவு பத்துவரை ஸ்டடி. 'பிராய்லர் பள்ளி' என்ற சொல்லைத் தமிழ்ப் பத்திரிகைகள் சும்மா கண்டுபிடிக்கவில்லை. பிளஸ் டூ, பத்தாம் வகுப்புக்கு மாநில ரேங்க் அறிவிப்பதை 2017இல் அரசு நிறுத்திய பிறகு போஸ்டர்கள் குறைந்தன; விசில் நின்றதாகத் தெரியவில்லை.

வீட்டுப் பக்கமும் ஒரு நியாயம் பார்க்க வேண்டும். 'படுக்கையறையில் செல்போன் கூடாது' என்று வெளிநாட்டு நிபுணர்கள் எழுதுவதை அப்படியே மொழிபெயர்த்துப் போட்டுவிடுகிறோம். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் எது படுக்கையறை? சீரியல் பத்தரைக்கு முடிந்தால்தான் பாய் விரிக்க இடம் கிடைக்கும். பல தெருக்களில் குழாய்த் தண்ணீர் காலை ஐந்து மணிக்கு வரும். குடத்தை வரிசையில் வைக்கப் போவது பெரும்பாலும் வீட்டின் பெண் பிள்ளை. பிறகு அவள் தம்பிக்கு டிபன் பாக்ஸ் கட்டுவாள், தலை பின்னுவாள், எட்டு மணி ஸ்பெஷல் கிளாஸுக்கு ஓடுவாள். மதியம் சாப்பிட்டதும் வருகிற முதல் பீரியடில் அவள் தலை மேசையில் கவிழ்ந்தால், 'போய் முகத்தைக் கழுவிட்டு வா' என்கிறார் டீச்சர். அவள் போய்க் கழுவிக்கொண்டு வருவாள். இரண்டு நிமிடத்துக்குப் பலிக்கும்.

செல்போனைப் பற்றியும் நிதானமாகப் பேசலாம். நீல வெளிச்சம்தான் வில்லன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 2015இல் வெளிவந்த ஹார்வர்டு மருத்துவப் பள்ளி ஆய்வாளர்களின் சோதனையில், படுக்கும் முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் புத்தகம் படித்தவர்களுக்கு மெலடோனின் சுரப்பு ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது உண்மை. ஆனால் தூங்க ஆன கூடுதல் நேரம் பத்து நிமிடம்தான். திரையின் நிறத்தைவிட, அதில் ஓடுவது பெரிய திருடன். ஒரு ரீல்ஸ், இன்னொன்று, கடைசியாக ஒன்று என்று போகிற அந்த ஒன்றரை மணி நேரத்தை எந்த 'நைட் மோடும்' திருப்பித் தராது. வீட்டில் எல்லோருடைய போன்களும் பத்து மணிக்கு ஃபிரிட்ஜ் மேல் ஏறிவிட வேண்டும் என்று ஒரு சட்டம் போடலாம். அப்பாவின் போனும் ஏறினால்தான் அந்தச் சட்டம் செல்லும்.

காபி, டீக்கும் ஒரு கணக்கு உண்டு. குடித்த காஃபீனில் பாதி வெளியேற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்த ஃபில்டர் காபியில் பாதி, இரவு பதினொன்றுக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பரீட்சை நேரத்தில் அம்மா அன்போடு பிளாஸ்க்கில் ஊற்றி வைப்பதைப் பாலாக மாற்றிக்கொள்ளலாம்.

பகல் தூக்கத்துக்கும் மரியாதை கொடுக்கலாம். மதியம் அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். சிங்கப்பூர் ஆய்வாளர்கள் ஐந்து மணி நேரம் தூங்கிய பிள்ளைகளுக்கு மதியம் இரண்டு மணிக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கொடுத்துப் பார்த்தபோது கவனம் கணிசமாகத் தேறியது. இரவுத் தூக்கத்துக்கு ஈடாகவில்லை. ஆனால் முகம் கழுவிவிட்டு வருவதைவிட எவ்வளவோ மேல். மாலை ஐந்துக்கு மேல் படுத்தால் இரவுத் தூக்கத்தில் கை வைத்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. படுத்தும் வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, விடியும் முன்பே விழிப்பு வந்து பிள்ளை கண்ணீரோடு கிடக்கிறது, பிடித்த விளையாட்டும் கசந்துவிட்டது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது கால அட்டவணைப் பிரச்சினை அல்ல. பதற்றமும் மனச்சோர்வும் பெரும்பாலும் தூக்கத்தின் வாசல் வழியாகத்தான் முதலில் தலைகாட்டும். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். பள்ளிச் சுவரில் டாப்பர்கள் படத்துக்குப் பக்கத்தில் இந்த ஐந்து இலக்க எண்ணுக்கும் ஓர் இடம் கொடுத்தால் நல்லது.

சிங்கப்பூரில் நடந்ததைப் பிள்ளைகள் செய்யவில்லை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசிச் செய்தார்கள். நம்மிடமும் அதற்கு இடம் இருக்கிறது. அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு, மற்றவற்றில் பெற்றோர் ஆசிரியர் கழகம். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, தேர்ச்சி விகிதத்தைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகு, இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: ஸ்பெஷல் கிளாஸ் நடக்கும் நாளில், இந்தப் பள்ளிக்கு மிகத் தொலைவிலிருந்து வரும் பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறது, முந்தின நாள் எத்தனை மணிக்குப் படுத்தது? யாருக்கும் பதில் தெரியவில்லை என்றால் விசாரித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். வந்த பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.